எங்கள் கடை வாசலில் 12.5 சதுர மீற்றர்

கட்டணத் தரிப்பிடம் என்ற பேச்சு எழுந்தாலே எங்கள் தெருக் கடைக்காரர் எல்லோரும் ஒரு பக்கமாகச் சேர்ந்து விடுவார்கள். "காசு கேட்டா சனம் வராது" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். நான் அந்தப் பக்கத்தில் இல்லை. புளியந்தீவில் கொப்பி, பேனை, போட்டோகொப்பி என்று அப்பா நடத்திய சின்னக் கடையை இப்போது நடத்துகிறவள் நான். சனம் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அப்படியிருந்தும் வீதியோரத்தில் வாகனம் நிறுத்தக் காசு வாங்க வேண்டும் என்கிறேன். கடைக்காரர் கூட்டத்தில் இதைச் சொன்னால் இரண்டு வசனத்துக்கு மேல் பேச விடமாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பின் பழைய நகரமான இந்தப் புளியந்தீவு ஒரு தீவு. சுற்றிவர வாவி. அதற்குள்ளேதான் போர்த்துக்கேயர் தொடங்கி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, தேவாலயங்கள், கோயில்கள், பஸ் நிலையம், புடவைக்கடைகள், நகைக்கடைகள், பாமசிகள் எல்லாம் அதே தீவுக்குள்தான். தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்து அளவில் இருக்கின்றன. வேறு ஊர்களில் நெருக்கடி கூடினால் புறவீதி ஒன்றை வெட்டி விடுவார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர். இருக்கிற தெருவை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதைத் தவிர இங்கே செய்ய வேறொன்றும் இல்லை.

அதேநேரம் இந்தத் தீவை நோக்கி வரும் வழிகள் எல்லாம் அகலமாகிவிட்டன. 1924இல் திறந்த கல்லடி இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். மற்றப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2013இல் ஜப்பான் உதவியுடன் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தது. அடுத்த வருடம் மண்முனையிலும் பாலம் வந்தது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் மண்முனைத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைக்குக் காத்து நின்றுதான் இந்தக் கரைக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் வாவி கொந்தளித்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். அந்தப் பாலத்தின் அருமை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்காரருக்குத்தான் தெரியும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான், எனக்கும் தெரியும். பாலம் மனிதரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வந்து சேர்ந்த வாகனத்தை எங்கே விடுவது என்பது ஊர் சொல்ல வேண்டிய பதில்.

அந்தப் பதிலை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நாட்டில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தாகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் தெருவுக்குக் கிடைத்த ஓய்வு. இனி அது கிடையாது.

என் மேசையில் இருந்து பார்த்தால் வாசலுக்கு நேரே வீதியின் ஓரம் தெரியும். ஒரு கார் நிற்க ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமும் ஐந்து மீற்றர் நீளமும் வேண்டும். 12.5 சதுர மீற்றர். எங்கள் தெருவில் அந்த அளவு இடத்தில் ஒரு தேநீர்க்கடையே நடத்துகிறார்கள். காலை எட்டரைக்கு யார் அதில் நிறுத்துகிறார்கள் என்று கொஞ்சநாள் கவனித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் வரும் நேரம் அது இல்லை. கடை திறக்க வருகிற முதலாளி, கடையில் வேலை செய்கிற பிள்ளைகள், மேல்மாடி அலுவலகத்துக்காரர், பக்கத்துத் தெருவில் இடம் கிடைக்காமல் இங்கே விட்டுவிட்டுப் போகிறவர். ஒன்பதரைக்குள் ஓரம் முழுக்க நிரம்பிவிடும். பொழுது சாயக் கடை பூட்டும் வரைக்கும் அவை அசையா.

அதற்குப் பிறகுதான் சனம் வருகிறது. வவுணதீவு, ஆயித்தியமலை, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் பிள்ளை. ஜனவரியில், அல்லது எப்போது பாடசாலை தொடங்குகிறதோ அப்போது, கையில் பாடசாலை கொடுத்த பட்டியலோடு வருவார்கள். இடம் தேடித் தெருவைச் சுற்றுவார்கள். கடைசியில் தாயையும் பிள்ளையையும் வாசலில் இறக்கிவிட்டுத் தகப்பன் இஞ்சினை நிறுத்தாமல் நடுத்தெருவிலேயே நிற்பார். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார்.

"அக்கா, கெதியாத் தாங்க. இவர் றோட்டில நிக்கிறார், பொலிஸ் கண்டா தண்டம் எழுதிருவாங்க."

"பட்டியல்ல இன்னும் கிடக்கு பிள்ளை. சித்திரக் கொப்பி, கணிதப் பெட்டி..."

"இருக்கட்டும் அக்கா. மறுகா வாறன்."

அந்த மறுகா பெரும்பாலும் வருவதில்லை. மிச்சத்தைச் செங்கலடியிலோ ஊர்ச் சந்தியிலோ வாங்கிவிடுவார்கள். "காசு கேட்டா சனம் வராது" என்று சத்தம் போடுகிற எங்களில் ஒருவரும் இடமில்லாமல் திரும்பிப் போகிற இந்தச் சனத்தை எண்ணுவதில்லை. கல்லாவுக்கு வராத காசு கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கார் இடத்தில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒரே வாகனம் நின்றால் அந்த இடத்தால் பயன் பெற்றவர் ஒருவர். அரைமணிக்கு ஒருவர் வந்து போனால் பதினெட்டுப் பேர். அதே இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தினால் ஒரு நேரத்திலேயே ஐந்து நிற்கும். ஐந்து குடும்பம் என்று வையுங்கள். தெருவில் இடம் குறைவு என்று நாங்கள் சொல்வது உண்மை. இருக்கிற இடத்தையும் காலையில் முதல் வந்தவர் பொழுது சாயும் வரை பூட்டி வைத்துக்கொள்கிறார் என்பதும் உண்மை. இலவசமாக விட்டால் இப்படித்தான் நடக்கும். யாரும் கெட்டவர் என்பதால் இல்லை. நகர்த்துவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதால்.

இதைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் லொஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். 2025இல் காலமானார். வீதியோரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணம் வைக்க வேண்டும், கட்டணத்தின் வேலையே அதுதான் என்பது அவர் சொன்னது. நூற்றுக்கு 85 இடம் நிரம்பி 15 காலியாக இருந்தால் வருகிறவர் சுற்றித் திரிய வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2011 தொடக்கம் அதைச் செய்து பார்த்தார்கள். எந்தத் தெருவில் எந்த நேரம் நெரிசலோ அங்கே கட்டணத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். காலியாகக் கிடந்த தெருக்களில் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் ஏற்றிய கட்டணத்தை இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இடம் சுழல வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இறக்குவதும் அதே வேலையின் பாதி.

எங்களுக்குப் பாலம் கட்ட உதவிய ஜப்பானில் இன்னும் கடுமை. 1962இல் வந்த சட்டத்தின்படி அங்கே கார் பதிவதற்கு முன் அதை நிறுத்த வீதிக்கு வெளியே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காட்டி, பொலிஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வீதி அரசாங்கத்தின் இடம், அது உன் வீட்டுக் கொட்டகை ஆகாது என்பதை அவர்கள் கார் வாங்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் எங்களிடமும் அந்த எண்ணத்தின் ஒரு துண்டு இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு வரைபடம் கொடுக்கும்போது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி இத்தனை வாகனத்துக்கு இடம் காட்ட வேண்டும். காட்டுகிறார்கள். கட்டடம் எழும்பிக் கொஞ்சக் காலத்தில் கீழ்த்தளத்துக்கு ஷட்டர் விழும். அது கடையாகும் அல்லது களஞ்சியமாகும். வரைபடத்தில் இருந்த கார்கள் தெருவுக்கு வரும். அந்தக் கீழ்த்தளங்களைத் திறக்கச் சொல்லி ஒருமுறை நடந்து பார்த்தாலே தீவுக்குள் எத்தனையோ இடம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

காத்தான்குடியில் இருந்து வந்து எங்கள் தெருவில் கடை வைத்திருக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரோடு இதை நீண்ட நேரம் பேசினேன். சின்னக் கடை. எலாஸ்டிக், நூல், பொத்தான். எதிர்ப்பவர்களில் நியாயத்தோடு எதிர்த்தவர் அவர்தான்.

"தங்கச்சி, பெரிய முதலாளிமாருக்கு கடைக்குப் பின்னால வளவு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? பைக்கில சாமானையும் கட்டிக்கிட்டு வாறன். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் காசு கட்டினா, பொத்தான் வித்து என்ன மிஞ்சும்?"

அவர் சொல்வது சரி. எட்டு ஒன்பது மணித்தியாலம் நிற்க வேண்டிய வாகனத்தை விரட்டினால் மட்டும் போதாது. அது போய் நிற்க ஓர் இடம் வேண்டும். வாசலில் இருந்து ஐந்து நிமிட நடையில், மாதத்துக்குச் சிறு தொகை கட்டி நாள் முழுக்க விடக்கூடிய ஒரு வளவு. கூரை கூட வேண்டாம், நிழலுக்கு நாலு வேப்பமரம் போதும். சாமானை வாசலில் இறக்கிவிட்டுப் போய் விட்டு வரப் பத்து நிமிடம் இலவசம். முதலில் அதைக் காட்டிவிட்டுப் பிறகு தெருவில் கட்டணம் என்று சொன்னால் காக்கா எதிர்க்க மாட்டார். "அப்ப சரி" என்றார். வரிசை மாறினால், கட்டணம் முதலில் வந்து வளவு பிறகு என்றால், நானும் அவரோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

தெருவுக்கு யார் பொறுப்பு என்பதும் பலருக்குத் தெரியாது. எனக்கும் என் மச்சான் சொல்லித்தான் விளங்கியது. அவர் வேறு மாவட்டமொன்றில் வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறார். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. கொழும்பில் இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாகக் கல்லடிப் பாலம் தாண்டி வரும் ஏ4உம், திருகோணமலைக்குப் போகும் ஏ15உம் அதில் அடக்கம். சீ, டீ தரம் மாகாணத்துக்கு. மிச்சத் தெருக்கள் மாநகரசபைக்கு. வாகனம் பிழையாக நின்றால் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தண்டம் எழுதுவது பொலிஸ்.

"ஒரு சந்தியில நாலு பக்கமும் நாலு பேருக்குச் சொந்தமா இருக்கலாம் மச்சாள்" என்றார். "மஞ்சக்கோடு கீற வேணுமெண்டா முதல்ல வீதி ஆற்றது எண்டு கேக்கோணும்."

அதனால்தான் ஒரு தெருவில் மட்டும் எடுக்கிற முடிவு அடுத்த சந்தியில் சிதறிப்போகிறது. இங்கே தடை என்றால் வாகனம் இருபது மீற்றர் தள்ளி, இன்னொருவரின் வீதியில் போய் நிற்கும். தீவு முழுவதற்கும் ஒரே வரைபடம் வேண்டும். மூன்று தரப்பும் பொலிஸும் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட வரைபடம்.

அந்த வரைபடத்தில் காருக்கு எத்தனை இடம் என்று தொடங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நடக்கிறவரில் இருந்து தொடங்க வேண்டும். எங்கள் தெருக்களில் நடைபாதை என்பது கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, மேல் போட்ட கொங்கிறீட் மூடிதான். அதில் ஒன்று உடைந்திருக்கும், ஒன்று ஆடும், ஒன்றைக் காணோம். மிச்சத்தில் கடைக்காரர் சாமான் அடுக்கியிருப்போம். ஆம், நாங்கள்தான், பிளாஸ்டிக் வாளி, துணி மாட்டிய பொம்மை, விலைப்பலகை. அதையும் தாண்டி மோட்டார் சைக்கிளின் முன்சில்லு ஏறி நிற்கும். பாடசாலை விட்டதும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் நிற்கிற வாகனத்துக்கும் நடுவில் உள்ள கொஞ்ச இடைவெளியால் வரிசையாகப் போகிறார்கள். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீற்றர். இரண்டு பஸ் சந்தித்தால் அந்தப் பிள்ளை எங்கே ஒதுங்கும்? இதை ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சகிக்க முடியாத ஒன்று.

கான் மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி வரை விடாது. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். மூடியைத் தூக்கிக் கானை வெட்டித் துப்புரவாக்கினால்தான் தண்ணீர் வாவிக்குப் போகும். வாகனம் ஏறி நின்றால் தூக்க முடியாது. பாரம் தாங்காமல் மூடி உடைந்து உள்ளே விழுந்தால் அதுவே அடைப்பு. தரிப்பிடமும் வெள்ளமும் ஒரே மூடியில் சந்திக்கின்றன. ஆகவே ஓரத்தில் கோடு கீறுகிறவர்கள் கானில் இருந்து எத்தனை அடி தள்ளி என்று அளந்து கீற வேண்டும். மாரிக்கு முன் துப்புரவு வேலைக்கு எந்தக் கிழமையில் எந்தத் தெரு காலியாக இருக்க வேண்டும் என்று முற்கூட்டியே பலகை போட வேண்டும்.

சைக்கிளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மேடு பள்ளம் இல்லாத ஊர் இது. ஆசிரியைமார், மீன் விற்கிறவர்கள், கல்லடிப் பக்கத்து மாணவர்கள் என்று இன்றைக்கும் சைக்கிளில் வருகிறார்கள். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது ஊரைத் தாங்கியது சைக்கிள்தான். ஆஸ்பத்திரித் தாதியர் அதில்தான் வேலைக்குப் போனார்கள். ஒரு கார் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும். நிலத்தில் பதித்த இரும்பு வளையம் நாலைந்து இருந்தால் பூட்டிவிட்டு நிம்மதியாக உள்ளே வருவார்கள். சைக்கிளுக்கு ஒருபோதும் காசு வாங்கக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்குச் சிறு தொகை. அதுவும் முதல் அரைமணி இலவசமாக. காருக்கும் வானுக்கும் அவை பிடிக்கிற இடத்துக்கு ஏற்றபடி. இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கேட்க விரும்புகிறேன்.

ஆட்டோ தம்பிமாரை இந்த விடயத்தில் வில்லனாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஆட்டோ காலையில் இருந்து இரவு வரை எத்தனையோ பேரை ஏற்றி இறக்குகிறது. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிற வாகனம் அது. நடக்க முடியாத அம்மாமாருக்குப் பாமசி வாசல் வரை வர அதைவிட்டால் வேறு வழியில்லை. அவர்களுக்கு நிழலோடு குறித்த தரிப்பிடம் வேண்டும். ஓரிடத்தில் இத்தனைதான் என்று எண்ணிக்கையும் வேண்டும். லொறிதான் கொஞ்சம் சிக்கல். கொழும்பில் இருந்து இரவு முழுக்க ஓடிவந்த சாரதி விடிய வந்து நிற்பார்; நாங்கள் ஒன்பது மணிக்குத்தான் கடை திறப்போம். பிறகு நடுத்தெருவில் நிறுத்திக் கடதாசிப் பெட்டி இறக்குவார். நாங்கள் ஏழு மணிக்கு ஒருவரை வைத்துக் கதவைத் திறந்தால் எட்டுக்குள் லொறி தீவை விட்டுப் போய்விடும். என் கடையில் இதைச் செய்கிறேன். முடிகிறது.

பாடசாலை, தேவாலயம், கோயில் வாசல்களில் வாகனம் நிறுத்தவே கூடாது என்பதை நான் விவாதத்துக்கு எடுக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது இந்த ஊரில்தான். அதற்குப் பிறகு நின்ற வாகனம் ஒவ்வொன்றையும் பயத்தோடு பார்த்த மாதங்கள் நினைவில் இருக்கின்றன. பயம் போயிருக்கலாம். வாசல் திறந்து கிடக்க வேண்டும், அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் கிட்ட வரவேண்டும் என்ற தேவை போகவில்லை.

இனிக் காசு. இதுதான் எனக்கு முக்கியம்.

இலங்கையில் பல ஊர்களில் தரிப்பிடக் கட்டணம் சேர்ப்பதை வருடக் குத்தகைக்கு விடுகிறார்கள். கூடிய தொகை கேட்டவருக்குக் கிடைக்கும். அவர் கட்டிய தொகையை வருடத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குமேல் வருவதுதான் அவருக்கு இலாபம். எனவே கூடுதலான வாகனம் நிற்க வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருக்கும். கடவைக்குக் கிட்ட என்றாலும், பஸ் நிறுத்தத்தில் என்றாலும். நகரத்தின் தேவைக்கு நேர் எதிரான தேவையை அவருக்கு நாங்களே கொடுக்கிறோம். இதைவிட, சேர்க்கிற வேலைக்கு மாதம் ஒரு குறித்த கூலி, சேர்கிற காசு முழுக்கச் சபைக்கு என்பது நல்லது. அச்சடித்த இலக்கமிட்ட டிக்கெட், தெருவின் இரண்டு முனையிலும் கட்டணப் பலகை, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். டிக்கெட் கிழிக்கிற பிள்ளைகளுக்கு நாட்கூலி நியாயமாக.

சபைக்குப் போன காசு எங்கே போகிறது? பொதுக் கணக்கில் சேர்ந்து கரைந்துவிட்டால், எங்கள் தெருவில் கட்டிய காசால் எங்கள் தெருவுக்கு என்ன கிடைத்தது என்று எவருக்கும் தெரியாது. அப்போது அது இன்னொரு வரி. கலிபோர்னியாவில் பசடேனா என்ற நகரத்தின் பழைய கடைத்தெரு ஒருகாலம் பாழடைந்து கிடந்தது. அங்கே 1993இல் தரிப்பிடக் கட்டண மீற்றர் பூட்டினார்கள். கடைக்காரர் எங்களைப் போலவே எதிர்த்தார்கள். சேர்கிற காசை அந்தத் தெருவுக்கே செலவழிப்போம் என்று நகரசபை ஒத்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார்கள். நடைபாதை திருத்தினார்கள், மரம் நட்டார்கள், விளக்குப் போட்டார்கள், பின் சந்துகளைத் துப்புரவாக்கினார்கள். சனம் திரும்பி வந்தது. சென்னைப் பாண்டி பஜாரிலும் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். வாகனம் விடுவதற்குத் தள்ளிப் பலமாடித் தரிப்பிடமும் கட்டினார்கள். தீபாவளிக்குப் புடவை எடுக்க அந்தச் சனக்கூட்டம் நடந்துதான் போகிறது.

எங்கள் தெருவில் சேர்கிற காசில் பாதியாவது எங்கள் தெருவுக்கு என்று எழுத்தில் வேண்டும். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வேன்: பெண்களுக்கு ஒரு துப்புரவான கழிவறை. தண்ணீரோடு, கதவுத் தாழ்ப்பாளோடு, காவலுக்கு ஒரு அம்மாவோடு. படுவான்கரையில் இருந்து காலையில் புறப்பட்டு வருகிற பெண்கள் அலுவல் முடிந்து பஸ் ஏறும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். என் கடைக்குள் வந்து மெல்லிய குரலில் கேட்பார்கள். பின்னால் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? தரிப்பிடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிக் கழிவறைக்கு ஏன் போகிறாய் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒரு தெருவில் நிற்பதற்கு வாகனத்துக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறோம்; அதே தெருவில் நாள் முழுக்க நிற்கிற மனிதருக்கு என்ன வேண்டும் என்றும் அதே மேசையில்தான் பேச வேண்டும்.

கான் மூடி இரண்டாவது. விளக்கு மூன்றாவது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போய், இரண்டு வருடத்துக்கு மேல் கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாமல் இருந்தோம். 2025 மே 6 தேர்தலோடு அது மாறிவிட்டது. இப்போது வட்டாரத்துக்கு ஆள் இருக்கிறார். வீடு எங்கே என்று தெரியும், கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டுகொள்வோம். வருடக் கடைசியில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் போடும்போதே தரிப்பிட வருமானம் என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தத் தெருவுக்கான செலவு என்று இன்னொரு வரி இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. குத்தகை ஒப்பந்தம், சேர்ந்த தொகை, செலவு எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மனு எழுதத் தெரியாதென்றால் என் கடைக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன், போட்டோகொப்பிக்கும் காசில்லை.

அடுத்த கடைக்காரர் கூட்டத்தில் நான் வைக்கப்போவது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் ஒரு தெருவில், மூன்று மாதம். கடைக்காரரும் வேலை செய்கிற பிள்ளைகளும் வாகனத்தை வெளி வளவில் விடுவோம். வளவின் வாடகையைக் கடைகள் பங்கிட்டுக்கொள்வோம். வாசல் ஓரம் முழுக்க அரைமணிக்காரருக்கு. காசு வாங்காமலேயே முதலில் இதைச் செய்து பார்க்கலாம். பாடசாலைக் கொப்பி வாங்கும் மாதமும் அதற்குள் வருகிறபடி தொடங்கினால் வித்தியாசம் கல்லாவில் தெரியும். தெரிந்த பிறகு கட்டணத்தைப் பற்றிச் சபையோடு பேசப் போகலாம். நூல் கடைக் காக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். புடவைக்கடை அண்ணன் யோசிக்கிறார். பாமசிக்காரர் மாட்டேன் என்கிறார். அவரிடம் இன்னும் ஒருமுறை போக வேண்டும்.

படுவான்கரையில் இருந்து டவுனுக்கு வருகிறவர்கள் இதை வாசித்தால், நீங்கள் வாகனத்தை எங்கே விடுகிறீர்கள், எதை வாங்காமல் திரும்பிப் போனீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் எழுத்தையும் கொண்டு போகிறேன்.